தனியாக வந்த பிள்ளைகளும் ஊரடங்கும்: ஓர் இல்லத்தின் அனுபவம்

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பயணிகள் ரயில்களை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலைகளில் நடந்துபோனதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அம்மா, அப்பா, அண்ணன் என்று யாருமே கூட இல்லாத பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களும் நடந்தார்கள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்ட வந்தவர்கள், நூல் மில் ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவர்கள், போர்வெல் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். வேலை நின்றதும் ஊருக்குப் போய்விடச் சொல்லி வெளியே விட்டுவிட்டார்கள். போக ரயில் இல்லை.

நான் அப்போது கொங்குப் பகுதியில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) இருந்தேன். போலீஸோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நடத்திய சைல்டுலைன் ஆட்களோ இப்படித் தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குழு உத்தரவு போட்டால் எங்களிடம் வருவார்கள். மற்ற வருடங்களில் பெற்றோரைக் கண்டுபிடித்து, விசாரித்து, துணைக்கு ஆள் போட்டுச் சில வாரங்களில் ரயில் ஏற்றிவிடுவோம். அந்த வருடம் அது மாதக்கணக்கில் இழுத்தது. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு எது உண்மையிலேயே உதவியது என்பதை, இனி இந்த இடத்தில் நிற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் பெயர்களையும் ஊர் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகக்கவசம், தனி அறை, முட்டை, கபசுரக் குடிநீர் எல்லாம் கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அது நடந்த பிள்ளை சாப்பிட்டான், தூங்கினான், காத்திருந்தான். நடக்காத பிள்ளை சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தான். எங்கள் வேலைக்கும் அதுதான் ஆதாரம். வயது என்ன, வீட்டில் எவ்வளவு கடன், அழைத்து வந்த ஏஜெண்ட் யார், திரும்பிப் போனால் அடுத்து என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் போன் பேச்சுகளிலிருந்து வந்ததுதான்.

பேச வேண்டுமென்றால் முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல பையன்களின் போனை சூப்பர்வைசர் வாங்கி வைத்திருந்தார். சிலருக்குப் போனே கிடையாது. நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கும் ஓர் இலக்கம் விட்டுப்போகும். "உன் ஊர் எது?" என்றால் "தர்பங்கா" என்பான். அது ஒரு மாவட்டம். கிராமத்தின் பெயர் ராம்பூர் என்பான். பீகாரில் ராம்பூர் எத்தனையோ இருக்கிறது. அதனால் முகவரி கேட்பதை விட்டுவிட்டு, வழி கேட்க ஆரம்பித்தோம். ரயில் ஏறிய ஸ்டேஷன் எது? வீட்டிலிருந்து அங்கே போக டெம்போவுக்கு எவ்வளவு கொடுத்தாய்? வழியில் ஆற்றுப் பாலம் வருமா? சந்தை எந்தக் கிழமை, எந்த ஊரில்? ஊரில் சண்டை வந்தால் எந்தத் தாணாவுக்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, போவார்கள்? கடைசியாக, நீ படித்த பள்ளிக்கூடத்தின் சுவரில் என்ன எழுதியிருக்கும்?

இந்தக் கடைசிக் கேள்விதான் பலமுறை கைகொடுத்தது. பீகார் அரசுப் பள்ளிகள் பலவற்றின் பெயர் 'உத்க்ரமித் மத்ய வித்யாலயா' (தரம் உயர்த்தப்பட்ட நடுநிலைப் பள்ளி) என்று தொடங்கி ஊர்ப் பெயரோடு முடியும். நான்காம் வகுப்போடு நின்றவன்கூட தினமும் பார்த்த அந்த எழுத்துகளை மறக்கவில்லை. பள்ளிப் பெயரும் தாணாவும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பையனையே பக்கத்தில் உட்காரவைப்போம். ஒருவன் முதலில் குளத்தைக் கண்டுபிடித்தான். அங்கிருந்து விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், ஆற்றங்கரை மேட்டை ஒட்டி இருந்த கூரைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். அது அவன் வீடு. அதன் பிறகு அவனிடம் வேறு எதையும் கேட்க முடியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். நாங்களும் அன்றைக்குக் கேட்கவில்லை.

கிராமம் தெரிந்ததும் தாணாவுக்குப் போன் போட்டுப் போலீஸை வீட்டுக்கு அனுப்பச் சொல்வதுதான் வழக்கம். கொரோனா நாட்களில் அது சரிப்படவில்லை. தூரத்தில் வேலைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்ல வாசலில் போலீஸ் வந்து நின்றால், பிள்ளை செத்துப்போய்விட்டான் என்றுதான் தாய் முதலில் நினைப்பாள். ஊரின் ஆஷா பணியாளரையோ (கிராமச் சுகாதாரப் பணியாளர்) அங்கன்வாடிப் பணியாளரையோ முதலில் பிடித்தோம். அவர்கள் எப்படியும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் நம்பரை வாங்குவதற்கு அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ, முக்கியா என்று அங்கே சொல்லப்படும் பஞ்சாயத்துத் தலைவரோ உதவினார்கள். அலுவலகங்கள் பாதி ஆட்களோடு இயங்கிய காலம் என்பதால், காலையில் முயற்சி செய்து கிடைக்காவிட்டால் விட்டுவிடாமல் சாயங்காலமும் முயல வேண்டியிருந்தது.

முதல் போன் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். பையனை முன்னா என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் போனில் வீடியோ வந்தது. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு எட்டி நின்றார். இவன் திரையைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தான். "கானா காயா?", சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டார். "ஹாங்", ஆமாம் என்றான். அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை. நான் ஏதாவது எடுத்துக் கொடுக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது, "எருமை கன்னு போட்டுடுச்சா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கே நடந்தார். கன்றைக் காட்டினார். அம்மா அதன் பெயரைச் சொன்னார். அதற்கப்புறம்தான் முன்னா அழுதான், அதற்கப்புறம்தான் பேசினான். முதல் பேச்சில் நாம் குறுக்கே போகக் கூடாது. நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்கவும் கூடாது. விசாரணைக் கேள்விகளை இரண்டாவது, மூன்றாவது போனுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதே போனில்தான் இருக்கிறது. சில வீடுகளில் அம்மா பேசும்போது ஓர் ஆண் குரல் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பது கேட்கும். எல்லாம் நன்றாக இருக்கிறது, அங்கேயே இரு, வேலை திறந்ததும் போ என்பார். முன்பணம் கொடுத்த ஏஜெண்டோ அவருடைய ஆளோ அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் கடனைப் பற்றிக் கேட்டால் தாய்க்குத்தான் தொல்லை. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். இன்னொரு நாள் ஆஷா பணியாளர் வீட்டிலிருந்து அவரைப் பேசவைத்தால் கதை வேறு மாதிரி வரும். ஒரு வீட்டில் அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய பணம், இன்னொரு வீட்டில் அப்பாவின் காசநோய்க்கு வாங்கிய பணம்.

என்னிடம் இருந்தது ஹிந்தி பிரச்சார சபா தேர்வுகளில் படித்த ஹிந்தி. பிள்ளைகள் வீட்டில் பேசியது மைதிலி, போஜ்புரி, சந்தாலி. சாப்பிட்டாயா, வலிக்கிறதா என்று கேட்க ஹிந்தி போதும். யார் அடித்தார்கள், இரவில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளை தன் பேச்சில்தான் சொல்வான். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துப் பையன் ஒருவனுக்கு, ராஞ்சியில் படித்துக்கொண்டிருந்த ஒரு சந்தாலி மாணவியைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்துப் போனில் பேசவைத்தோம். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: கூட வேலை பார்த்த பெரிய பையனையோ, கம்பெனி அனுப்பிவைக்கும் ஆளையோ மொழிபெயர்ப்புக்கு உட்காரவைக்காதீர்கள். அவர் முன்னால் பிள்ளை வாய் திறக்க மாட்டான். திறந்தாலும் அவர் சொல்வதுதான் நம் காதுக்கு வந்து சேரும்.

தனிமைப்படுத்தல் எல்லாரையும் பாடாய்ப் படுத்தியது. புதிதாக வரும் பிள்ளை 14 நாள் தனி அறையில். மில் ஹாஸ்டலில் வெளிக்கதவைப் பூட்டி வைத்திருந்ததிலிருந்து தப்பி வந்தவனுக்கு இது இன்னொரு பூட்டு. முகக்கவசம், பிளாஸ்டிக் கவசம், கையுறை என்று வந்து நிற்கும் எங்களில் யார் யார் என்றே அவனுக்குத் தெரியாது. எங்கள் முழு முகம் தெரியும் பெரிய புகைப்படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டோம். ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள்தான் சாப்பாடு கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டோம். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனையை, அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்ட இன்னொரு பையனை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி அவன் பாஷையிலேயே விளக்கச் சொன்னோம். கதவைப் பூட்டவில்லை. சாத்தி வைத்தோம், வெளியே ஆள் உட்கார்ந்தார். இதற்கு ஒரு பணியாளர் கூடுதலாகத் தேவைப்பட்டார். இல்லத்தில் சிலர் பூட்டிவிடலாம் என்றார்கள். பூட்டாமல் இருந்ததால்தான் பையன்கள் அந்த அறையில் தங்கினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் மாதம் சென்னை ராயபுரத்தில் ஓர் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று உறுதியானது. உச்ச நீதிமன்றமே தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு எல்லா இல்லங்களிலும் பயம். புதுப் பிள்ளைகளை எடுக்க வேண்டாம் என்ற பேச்சு எங்களிடமும் வந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது, எங்கள் சமையல்கார அக்காவுக்கே சர்க்கரை நோய் உண்டு. ஆனால் நாம் கதவைச் சாத்தினால் அந்தப் பிள்ளை பஸ் ஸ்டாண்டிலோ, அதே கம்பெனி வாசலிலோதான் படுப்பான். ஓர் அரசுப் பள்ளிக் கட்டடம் சும்மா கிடந்தது. குழு மூலம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, வருபவர்களை முதலில் அங்கே தங்கவைத்தோம். பணியாளர்கள் முறை போட்டு இரண்டிரண்டு வாரம் உள்ளேயே தங்கினார்கள். அவர்கள் வீட்டுக்கு மளிகை போய்ச் சேருகிறதா என்று இல்ல நிர்வாகம் பார்த்துக்கொண்டது. தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து மற்றவர் பிள்ளைகளோடு தங்குகிறவருக்கு இதைச் செய்யாமல் எதையும் எதிர்பார்க்க முடியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. தட்டில் சோறு அப்படியே திரும்பிவந்தது. எல்லாரும் 'வடக்கத்திப் பையன்கள், சப்பாத்தி போடுங்கள்' என்றார்கள். கேட்டுப் பார்த்தால் பீகார்க்காரர்கள் மதியம் சோறுதான் சாப்பிடுவார்களாம். ஒத்துக்கொள்ளாதது சாம்பாரில் இருந்த புளி. அக்கா பருப்பைப் புளியில்லாமல் கெட்டியாக வைத்துப் பெருங்காயமும் சீரகமும் தாளித்தார், தட்டு காலியானது. வட மாநிலத்தவர் நிறைய வாழும் ஊர் என்பதால் கடையில் கடுகெண்ணெய் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கை வேகவைத்து, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பையன்களே கையால் பிசைந்தார்கள். அதுதான் சோக்கா. வறுத்த கடலை மாவைக் கரைத்துக் குடிக்கும் 'சத்து'வுக்குத் தோலோடு வறுத்த கடலை வேண்டும். கிடைக்காதபோது பொட்டுக்கடலையை அரைத்துத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்தோம். மே மாத வெயிலுக்கு மற்ற பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ரமலான் ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. நோன்பு வைத்தவர்களுக்காக அக்கா விடியும் முன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

மே 1ஆம் தேதி, வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோகும் ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் முதலாவது தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குக் கிளம்பியது. ராஞ்சிக்குப் பக்கத்து ஸ்டேஷன் அது. செய்தியில் ஹட்டியா என்ற பெயரைக் கேட்டதும் ஜார்க்கண்ட் பையன்கள் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். அந்த வாரத்தைச் சமாளித்ததுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். அடுத்த வாரம் போய்விடலாம் என்று சொல்லிப் பையனை அமைதிப்படுத்தத் தோன்றும். சொல்லாதீர்கள். அந்த அடுத்த வாரம் வந்து, ரயில் வராமல் போனால், அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். நாங்கள் ஒரு கரும்பலகை வைத்தோம். ஒவ்வொருவனுக்கும் என்னென்ன முடிந்திருக்கிறது என்று எழுதினோம்: வீட்டோடு பேசியாகிவிட்டது, அந்த மாவட்டக் குழுவுக்குக் கடிதம் போய்விட்டது, வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அறிக்கை இன்னும் வரவில்லை, துணைக்கு வரும் போலீஸ்காரர் கிடைக்கவில்லை. தேதி தெரியாவிட்டால் 'தேதி தெரியாது' என்றே எழுதினோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து படித்துச் சொல்வோம். பையன்கள் கோபப்பட்டார்கள், சண்டை போட்டார்கள், ஆனாலும் அந்த ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ரயில்கள் ஓடத் தொடங்கியதும் 'மாமா'க்கள் வர ஆரம்பித்தார்கள். நான் இவன் தாய்மாமன், என்னோடு அனுப்புங்கள், டிக்கெட் பதிவு செய்துவிட்டேன் என்பார்கள். சிலர் உண்மையான மாமன்கள். சிலர் பிள்ளையை அழைத்து வந்த ஏஜெண்டுகள். பாவம், போகட்டும் என்று அதிகாரிகளுக்கே தோன்றியது, அவ்வளவு நெருக்கடி. நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: அவர் முகத்தை வீடியோவில் தாய்க்குக் காட்டு, பையனைத் தனியாக வேறு அறையில் கேள், இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் குழுவுக்கு எழுது, குழு உத்தரவு வந்த பிறகு அனுப்பு. ஒருவர் முகத்தைப் பார்த்ததும் தாய் போனையே வைத்துவிட்டார். அந்த ஆளோடு பையனை நாங்கள் அனுப்பவில்லை.

வயதும் ஒரு தலைவலி. கம்பெனிகள் நீட்டிய ஆதார் அட்டையில் 18 வயது முடிந்திருக்கும், எதிரே நிற்பவனுக்கு மீசைகூட அரும்பியிருக்காது. இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வயதுப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே கிடையாது. அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024இல் வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. ஊரைக் கண்டுபிடிக்க உதவிய அதே பள்ளிப் பெயர் இங்கேயும் உதவியது. தலைமையாசிரியரைப் போனில் பிடித்துச் சேர்க்கைப் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்போம். பிறகு முறைப்படி கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

கூலி விஷயத்தை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். பிள்ளைக்குக் கம்பெனிப் பெயர் தெரியாமல் இருக்கலாம். கேட் என்ன நிறம், எதிரே என்ன கடை, ஷிப்ட் எத்தனை மணிக்கு, சூப்பர்வைசரை எல்லாரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டால் கட்டடத்தையே காட்டிவிடுவான். ஊருக்குப் போன பிறகு இதையெல்லாம் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். முன்பணம் கொடுத்து வெளியே விடாமல் வேலை வாங்கியிருந்தால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் கடன் சட்டப்படி ரத்து என்று காட்டலாம். இல்லாமல் அனுப்பினால் பிள்ளை வீடு போய்ச் சேரும்போது கடனும் அப்படியே காத்திருக்கும். எல்லா அதிகாரிகளும் கொரோனா வேலையில் மூழ்கியிருந்த நேரத்தில் இதற்காக நடையாய் நடக்க வேண்டியிருந்தது. சில பேருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களை நினைத்தால் இன்றும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

இன்னொரு பக்கம், பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள் என்ற அழுத்தம். ஏப்ரல் 3ஆம் தேதியே உச்ச நீதிமன்றம், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைத் தொடர்ந்து அங்கேயே வைத்திருப்பது நல்லதா, வீட்டுக்கு அனுப்புவது நல்லதா என்று குழந்தைகள் நலக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார்கள். தொற்று நாட்களில் கூட்டமாக வைத்திருப்பதைவிட வீடு நல்லது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்புவதைத்தான் எதிர்த்தேன். ஜூலையில் வட பீகாரில் வெள்ளம். தர்பங்கா, கோபால்கஞ்ச், கிழக்குச் சம்பாரண் எல்லாம் தண்ணீரில் நின்றன. எங்கள் கரும்பலகையில் எல்லாக் கட்டமும் முடிந்து புறப்படத் தயாராக இருந்த பையன் ஒருவனின் குடும்பம் ஆற்றங்கரை மேட்டில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் இருந்தது. போனில் பேசிக்கொண்டே இருந்ததால் அது எங்களுக்குத் தெரிந்தது. காகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த வாரமே ரயில் ஏற்றியிருப்போம். அவனிடமே சொன்னோம், அம்மாவும் சொன்னார். தண்ணீர் வடியும் வரை இருக்கிறேன் என்று அவனே முடிவெடுத்தான்.

அனுப்பிய பிறகு பாதிப் பேர் ஃபைலை மூடிவிடுகிறார்கள். அதற்குள் இங்கே தொழிற்சாலைகள் திறந்துவிட்டன, ஆள் பற்றாக்குறை. கம்பெனிகளே பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் பஸ் அனுப்பி ஆட்களைக் கூட்டிவந்தன. அங்கே பள்ளிக்கூடம் திறக்கவில்லை, வேலையும் இல்லை, கடன்காரர் வாசலில் நின்றார். பதினைந்து வயதுப் பையன் அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. அதனால் முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் ஒருமுறை, சொல்லிவைத்த கிழமையில், சொல்லிவைத்த நேரத்தில் போன் செய்தோம். தாயின் போனில் ரீசார்ஜ் தீர்ந்தால் வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதால் அதையும் நாங்களே போட்டுவிட்டோம். நன்கொடையாளர்களிடம் போர்வை, பிஸ்கட் கேட்பதைவிட இதற்குக் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காக, குடும்ப நிலையைப் பார்த்து மாதம் 2,000 ரூபாய் கொடுக்க அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும், விண்ணப்பம் வேண்டும், பின்னாலேயே நின்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளாக அங்கே யார் இருக்கப்போகிறார் என்பதை, பிள்ளை இங்கிருந்து கிளம்பும் முன்பே பெயரும் நம்பருமாக எழுதி வாங்கிவிடுங்கள்.

முன்னா இரண்டு வருடம் ஊரில் இருந்தான், பிறகு சட்டப்படி வேலைக்குப் போகும் வயதில் லூதியானாவுக்குப் போனான். இன்னொருவன் நான்காவது வாரமே போனில் கிடைக்கவில்லை. விசாரித்ததில் சூரத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஊர்க் குழுவுக்கு எழுதினோம், பதில் வரவில்லை.

இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் இல்லங்களில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டால் சொல்வது இதுதான். பீகாரின் 38 மாவட்டங்கள், ஜார்க்கண்டின் 24 மாவட்டங்கள், அதோடு ஒடிசா, சத்தீஸ்கர், வங்கம், அஸ்ஸாம் ஆகியவற்றின் குழந்தைகள் நலக் குழு நம்பர்களை நெருக்கடி இல்லாத நாட்களிலேயே எடுத்து, போன் செய்து பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை சரிசெய்து வையுங்கள். மைதிலி, சந்தாலி, ஒடியா பேசுகிற இரண்டிரண்டு பேராவது போனில் உதவத் தயாராக இருக்கட்டும். இல்லத்துக்கென்று வீடியோ வரும் போன் ஒன்று, அலமாரியில் பூட்டப்படாமல் இருக்கட்டும். இல்லத்தில் வேலை செய்யாதவர்கள் இப்படி ஒரு பிள்ளையைக் கடையிலோ ஸ்டேஷனிலோ பார்த்தால் 1098க்குப் போன் செய்யுங்கள். இப்போது அதை அரசே நடத்துகிறது. பிள்ளையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், ஏஜெண்ட் கண்ணில்தான் அது முதலில் படும். ஆள் வரும் வரை பக்கத்திலேயே இருங்கள், சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துப் பெயரைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.